பில்லைக்குக் கீழ எழுதாத வரி

"இவ்ளோதானா கண்ணு?"ன்னு கேட்டாங்க. கோவமா கேட்டிருந்தா இந்நேரம் மறந்துருப்பேன்னு நினைக்கிறேன். எங்க சின்ன மியூசியத்துல, அவங்க கொடுத்த பழைய மில்லு டோக்கன் பில்லைக்குக் கீழ இருந்த லேபிளை பேத்தி குனிஞ்சு சத்தமா படிச்சு முடிச்சா, அவ தோள்ல கைய வெச்சுக்கிட்டே அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க, அவ்வளவுதான். நான் "இடம் பத்தலம்மா, சின்ன அட்டை"ன்னு சொன்னேன். அட்டையில கீழ நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையா இடம் கிடந்துச்சு. அதை நானும் பார்த்தேன் அவங்களும் பார்த்தாங்க, அந்தப் பொண்ணும் பார்த்துச்சு.

ரெண்டு வருஷம் ஆகப்போகுது. தினமும் காலைல அந்த ஷோகேஸைத் துடைக்கிற வேலை என்னோடதுதான், ரெண்டு ரூமும் ஒரு வராண்டாவும் இருக்குற இடத்துல இதுக்குன்னு தனியா ஆள் கிடையாது. ஹைரோட்ல கன்டெய்னர் லாரி போற தூசிக்கு ஒரே ராத்திரியில கண்ணாடி மேல விரலால பேர் எழுதலாம். ஈரத் துணியில ஒரு துடை, அப்புறம் பழைய பேப்பர்ல ஒரு துடை. அந்தப் பில்லைகிட்ட வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமா துடைச்சிட்டு நகர்ந்துடுறேன்.

மெட்ராஸ் நாளுக்காக நாங்க வருஷா வருஷம் ஆகஸ்ட்ல ஒண்ணு பண்ணுவோம், அக்கம்பக்கத்து ஜனங்களை "உங்க வீட்டுல இருக்குற பழைய பொருள் ஏதாச்சும் கொண்டு வாங்க, கதையைச் சொல்லுங்க, நாங்க எழுதி வைக்கிறோம்"னு கூப்பிடுறது. நல்லா வருவாங்க. குத்துச்சண்டை கிளவ்ஸ் வந்துருக்கு, பர்மாவுலேந்து நடந்தே வந்த குடும்பத்தோட அரக்குப் பெட்டி வந்துருக்கு, காசிமேட்டு அண்ணன் ஒருத்தர் வலை பின்ற மூங்கில் ஊசியைக் கொண்டாந்து உக்காந்து ஒரு முழம் பின்னியே காட்டிட்டுப் போனாரு. அப்படி ஒரு மத்தியானம்தான் இந்தம்மா வந்தாங்க, புளியந்தோப்புலேந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி. புடவைத் தலைப்புல முடிச்சு, முடிச்சுக்குள்ள பேப்பர், பேப்பருக்குள்ள பில்லை.

பித்தளை. எட்டணா சைஸை விடப் பெருசு, மேல ஒரு ஓட்டை, ஓட்டையோட ஒரு பக்கம் கயிறு உராசி உராசி மெலிஞ்சு கிட்டத்தட்ட அறுந்து போற மாதிரி. பின்னிங்கிற பழைய துணி மில்லுல அவங்க தாத்தா வேலைக்குள்ள போறப்ப காட்டுற டோக்கன். நம்பர் இருந்துச்சு, ஆனா நாலு எண்ணுல கடைசி எண்ணு தெரியல. வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு புளி போட்டுத் தேய்ச்சு மஞ்சள் குங்குமம் வெச்சு சாமி படத்துக்கிட்ட வெச்சிருக்காங்க, மூணு தலைமுறை தேய்ச்சதுல நம்பர் போயிடுச்சு. மியூசியத்துல புளி போட்டுத் தேய்க்கவே கூடாதும்மான்னு நான் ஏதோ பெரிய விஷயம் தெரிஞ்சவன் மாதிரி சொன்னேன். அவங்க சிரிச்சிட்டு அந்த நம்பரை மனப்பாடமா சொன்னாங்க. நான் எழுதிக்கிட்டேன்.

அப்புறம்தான் கதை சொன்னாங்க. "எங்க தாத்தா ஸ்ட்ரைக்குக்கு போவல கண்ணு. வேலைக்குப் போனாரு. அதுக்கோசரம் எங்க குட்சைய கொளுத்திட்டாங்கோ. இத்த இடுப்புல முடிஞ்சிகினு எங்க நைனாவ தோள்ல தூக்கிகினு ஓடுனாராம். அதான் இது மட்டும் தங்கிச்சு. இதெல்லாம் எழுதுவியா?"

"கண்டிப்பா எழுதுறேன்மா"ன்னேன்.

அதை எவ்வளவு சுலபமா சொன்னேன்னு இப்பவும் காதுல கேக்குது.

இங்க இருக்குறவங்களுக்கு பின்னி மில்லு பத்தி நான் சொல்லத் தேவையில்ல, ஆனா இதை மட்டும் சொல்லணும். 1918 ஏப்ரல்ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சது இந்த மில்லுத் தொழிலாளிங்களை வெச்சுத்தான், பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் தலைவருங்களா இருந்தாங்க, இந்தியாவுலயே முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கங்கள்ல ஒண்ணு. அது எங்க ஏரியாவோட பெருமை, எங்க முதல் ரூம்ல பாதிச் சுவர் அதுக்குத்தான். 1921ல பெரிய ஸ்ட்ரைக், நாலு மாசத்துக்கு மேல நடந்துச்சு, ஆகஸ்ட் 29ஆம் தேதி போலீஸ் சுட்டதுல தொழிலாளிங்க செத்துப்போனாங்க. இதெல்லாம் சுவர்ல இருக்கு. அதே ஸ்ட்ரைக்குல ஆதிதிராவிடத் தொழிலாளிங்க நிறைய பேர் வேலைக்குத் திரும்பினாங்க. கடன், கைல ஒண்ணும் இல்ல, போய் ஒதுங்க ஊர்ல துண்டு நிலம்கூட இல்ல. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜா அவங்க பக்கம் நின்னு பேசினாரு. புளியந்தோப்புல கலவரமாச்சு, சேரியில குடிசைங்க எரிஞ்சுது. இது எங்க சுவர்ல இல்ல. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவும் இல்ல, அதுக்கப்புறம் நான் சேர்க்கவும் இல்ல.

லேபிள் எழுதினேன். அவங்க சொன்னதை முழுசா எழுதித்தான் முதல்ல பிரின்ட் எடுத்தேன், அதை யாரும் நம்ப மாட்டாங்க ஆனா அந்த அட்டை இன்னும் என் டிராயர்ல இருக்கு. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும், சேர் எல்லாம் போட்டு முடிச்சாச்சு, ஒவ்வொரு ஷோகேஸா அட்டை வெச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்து ஷோகேஸ்ல ஸ்ட்ரைக்குல இருந்த ஒருத்தரோட போட்டோ. அவரோட பையன், அவருக்கே எண்பது தாண்டிடுச்சு, மில்லுல ரிட்டயர் ஆனவர், தினமும் காலைல வந்து எங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து பேப்பர் படிப்பாரு, மறுநாள் அவருக்குத்தான் பொன்னாடை. அவர் வந்து அப்பா போட்டோவைப் பார்ப்பாரு, ரெண்டு அடி தள்ளி "ஸ்ட்ரைக்குல இருந்தவங்க எங்க குடிசையைக் கொளுத்தினாங்க"ன்னு ஒரு அட்டையைப் பார்ப்பாரு. அவங்கவங்க ஆளுங்களோட வருவாங்க. ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லி இன்னொருத்தர் பதில் சொன்னா என்ன பண்றதுன்னு யோசிச்சேன். பொண்ணுங்க குழந்தைங்க எல்லாம் இருக்குற இடம். யாரும் என்னை எதுவும் சொல்லல, மேல இருக்குறவங்க யாரும் மாத்துன்னு கேக்கல. நானேதான் திரும்பி வந்து கம்ப்யூட்டரை ஆன் பண்ணி "பின்னி மில் தொழிலாளியின் பித்தளை டோக்கன். புளியந்தோப்பு."ன்னு ரெண்டு வரி அடிச்சு பிரின்ட் எடுத்து வெச்சேன்.

நான் பண்ணது தப்பே இல்லன்னு இன்னிக்கும் சில நாள் தோணும். லேபிள்ல எழுதுறதுன்னா சும்மா இல்ல, அது அச்சாயிடுச்சுன்னா இந்த மியூசியமே சொல்ற மாதிரி. யாரு கொளுத்தினாங்க, எந்தக் குடிசை, எங்கிட்ட ஒரு காகிதம்கூட கிடையாது. குடிசைங்க எரிஞ்சது சரித்திரம், ஆனா இந்தம்மாவோட தாத்தா குடிசை எரிஞ்சதுக்கு அவங்க வாய்தான் ஆதாரம். சின்ன இடம் இது, ரெண்டு பக்கத்து ஜனமும் வந்து போற இடம், ஒரு பக்கம் வர்றதை நிறுத்திட்டா அப்புறம் யாருக்காக நடத்துறது? இப்படி எனக்கு நானே சொல்லிக்கிட்டு பத்து நாள் நிம்மதியா இருந்துருக்கேன்.

அப்புறம் ரெண்டாவது ரூமுக்குப் போவேன். அங்க ஒரு இரும்புத் துண்டு இருக்கு, உள்ளங்கை அளவு, துரு ஏறி அடுக்கடுக்கா உரியுது, உப்புக் காத்துக்கு என்ன பண்ணாலும் நிக்கல. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் மேல சுட்டு எண்ணெய் டேங்க் எரிஞ்சுதே, அந்தக் குண்டோட சில்லுன்னு ஒரு குடும்பம் கொடுத்தது. எம்டன் சுட்டது உண்மை, ஹைகோர்ட் சுவர்ல கல்வெட்டே இருக்கு. ஆனா இந்தத் துண்டு அந்தக் குண்டுதானா? ஏதாவது ரயில் ஒர்க்‌ஷாப் துண்டாக்கூட இருக்கலாம். அதுக்குக் கீழ நான் என்ன எழுதிருக்கேன்? "எம்டன் குண்டின் சிதறல் என்று நன்கொடையாளர் குடும்பத்தார் கூறுகின்றனர்." ஒரு ராத்திரிகூட யோசிக்காம எழுதினேன். ஆதாரம் கேக்கல. பசங்க அதைத்தான் ஓடி வந்து பார்ப்பாங்க, நானும் சந்தோஷமா கதை சொல்லுவேன்.

அந்த ஒரு வரியை இங்கயும் போட்டுருக்கலாம். 'குடும்பத்தார் கூறுகின்றனர்'. எனக்கு அந்த வார்த்தை தெரியாம இல்ல.

இன்னொண்ணு ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. பதிவேட்டுல அந்தப் பில்லையோட நம்பர் நாலு எண்ணும் முழுசா எழுதிருக்கேன். கடைசி எண்ணு பில்லையில இல்ல, அந்தம்மா சொன்னதுதான். நம்பரை அவங்க வாய்ச்சொல்லுல எடுத்துக்கிட்டவன் நெருப்பை எடுத்துக்கல.

அந்தப் பெரியவர்கிட்ட ஒருநாள் சொல்லியே தீரணும்னு சொன்னேன். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல. "எழுதிருக்கலாமே தம்பி. எங்களுக்குத் தெரியாததா? எங்கப்பா சாவுற வரைக்கும் அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடுவாரு"ன்னாரு. எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு, நான் யாருக்குப் பயந்தேனோ அவரே இப்படிச் சொல்றாரு. ஆனா அன்னிக்கு ராத்திரி படுத்துட்டு யோசிச்சா வேற மாதிரி தோணுது. ஒத்தையில, ஃபேனுக்குக் கீழ உக்காந்து இப்படிச் சொல்றாரு. பொன்னாடை போட்டு, பக்கத்துல சங்கத்து ஆளுங்க நிக்கிறப்ப, அதே அட்டையைப் பார்த்துருந்தா இதே மாதிரி சொல்லிருப்பாரா? சொல்லிருக்கலாம். அவருக்கு அந்த வாய்ப்பையே நான் கொடுக்கலங்கிறதுதான் விஷயம். அவருக்காகன்னு சொல்லிட்டு அவரையும் சேர்த்துத்தான் சின்னவராக்கிட்டேன்.

அந்தம்மா அதுக்கப்புறம் வரல. பில்லையைத் திருப்பிக் கேக்கவும் இல்ல. கேட்டிருந்தா கொடுத்துருப்பேன், கையெழுத்து வாங்குன ஃபாரம்ல நன்கொடைன்னு இருந்தாலும் கொடுத்துருப்பேன்னு நினைச்சுக்கிறேன். ஒரு ஆயுதபூஜை அன்னிக்கு பூட்டியிருந்த மியூசியத்தைத் திறந்து போய்ப் பார்த்தேன், நிறம் மங்கிப்போய் கருப்பா கிடந்துச்சு. புளி போட்டுத் தேய்க்க ஆள் இல்ல. நாங்க பாதுகாக்குறோம்ல.

போன ஜனவரில ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூல்லேந்து எட்டாங்கிளாஸ் பசங்க நாப்பது பேர் வந்தாங்க. சத்தம்னா சத்தம். நான் எம்டன் துண்டுகிட்ட நின்னு வழக்கமான கதையைச் சொல்லிட்டு இருக்கேன், பாதிப் பேர் இங்க இல்ல. திரும்பிப் பார்த்தா முதல் ரூம்ல பில்லைகிட்ட கூட்டமா நிக்குதுங்க, நடுவுல அந்தப் பொண்ணு. ஒரு வருஷத்துல நல்லா வளந்துருந்துச்சு, ஆனா பார்த்ததும் தெரிஞ்சுது. விரலைக் கண்ணாடியில வெச்சு, "இது எங்க ஆயாவோட தாத்தாது. அவரு வேலைக்குப் போனாருன்னு வீட்டக் கொளுத்திட்டாங்க. எங்க ஆயாவோட அப்பா அப்ப கைக்கொழந்த. இத்த மட்டும்தான் எடுத்துகினு ஓடியாந்தாங்க"ன்னு சொல்லிட்டு இருக்கு. பசங்க அமைதியா கேக்குதுங்க. ஒரு பையன் மட்டும் லேபிளைப் படிச்சுட்டு "அப்படி எதுவும் போடலயே"ன்னான்.

கூட வந்த டீச்சர் என்னைப் பார்த்து "அப்படியா சார்?"ன்னு கேட்டாங்க.

இத்தனை மாசமா மனசுல உருப்போட்ட வரி எங்கிட்ட தயாரா இருந்துச்சு. "ஆமா மேடம், அவங்க குடும்பத்துல அப்படித்தான் சொல்றாங்க"ன்னேன்.

சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு முகம் விழுந்துடுச்சு. நான் எழுதியிருக்கணும்னு இத்தனை நாளா நினைச்சேனே, அதே வார்த்தைதான். துருப்பிடிச்ச இரும்புக்குக் கீழ அது மரியாதையா இருக்கு, அந்தக் குழந்தை எதுக்க நின்னு சொல்றப்ப "இவ சொல்றா, எனக்குத் தெரியாது"ன்னு ஆகிப்போச்சு. அப்போ எதைத்தான் எழுதுறது? குடிசைங்க எரிஞ்சது எனக்குத் தெரியும். இவங்க சொல்றதை நான் நம்புறேன். இந்த ரெண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமா, கவர்மென்ட் தமிழ் இல்லாம, எழுத எனக்கு வரல.

ஆயா எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். "கால் வலி சார், வெளிய வர்றதில்ல"ன்னுட்டு வரிசையில போய் நின்னுக்கிச்சு.

இந்த ஆகஸ்டுக்கு முதல் ரூம் சுவரை மாத்துறோம், புளியந்தோப்புக்குன்னு ஒரு பேனல் வருது, அது முடிவாயிடுச்சு. பில்லைக்கு மூணாவது லேபிள் எழுதிட்டு இருக்கேன். முதல் வரி "எங்க தாத்தா ஸ்ட்ரைக்குக்குப் போவல, வேலைக்குப் போனாரு"ன்னு அவங்க சொன்ன மாதிரியே வெச்சிருக்கேன். ரெண்டாவது வரிய நாலஞ்சு தடவை அடிச்சு அழிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை அட்டையை எடுத்துக்கிட்டு புளியந்தோப்புக்குப் போறேன், அவங்களையே படிக்கச் சொல்லிக் கேக்கப்போறேன், பதிவேட்டுல இருக்குற அட்ரஸ்ல இன்னும் இருக்காங்கன்னா.