போர்தோவும் வறுத்த வஞ்சிரமும்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் நண்பர் வீட்டு மொட்டைமாடி. பிரான்சிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்த போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின் புட்டிகள், திராட்சை அறுவடையான ஆண்டுகள் 2010, 2005, 1990. இளையது இன்னும் கருஞ்சிவப்பு. துவர்ப்பு நாக்கை இறுக்கிப் பிடித்தது. கோப்பையில் 1990இன் ஓரத்தில் செங்கல் நிறம். துவர்ப்பைத் தரும் டானின்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றுசேர்ந்து வண்டலாகப் படிவதால் அத்தனை மென்மை. புகையிலை, ஈரமண், உலர்ந்த அத்தி என்று ஆளுக்கொரு வாசனை சொன்னோம். ஒருவர் ஐஸ்கட்டி கேட்டார். அவரை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில், சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலை'யில் பரிமாற வேண்டும் என்ற பேச்சே எடுபடாது. 16 முதல் 18 டிகிரிக்குக் குளிர்வித்துத்தான் ஊற்ற வேண்டும். என் ஓட்டு 2005க்கு. 1990ஐக் கொண்டாடியவர்களில் பாதிப்பேர் புட்டியிலிருந்த ஆண்டைப் பார்த்துத்தான் கொண்டாடினார்கள் என்பது என் சந்தேகம். வறுத்த வஞ்சிரத்துக்கு மூன்றுமே பொருந்தவில்லை. அடுத்த முறை ஆட்டுக்கறி.