கடலைக்கொடிக்கு ஒரு தட்டி

வேலியோரம் ஆடாதொடையைத் தவிர எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கிற வெள்ளாடு, கொட்டகையில் கால் பட்ட கடலைக்கொடியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது வீம்பு இல்லை. புழுக்கையும் மூத்திரமும் பட்ட தீனியோடுதான் குடற்புழுவும் குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல் தரும் கிருமியும் உள்ளே போகின்றன. ஆட்டுக்கு அது தெரிகிறதோ என்னவோ!

எங்கள் நாமக்கல் பக்கம் கடலை பறித்த கொடியைக் காயவைத்துப் போர் போட்டுவிடுவோம். கோடையில் அதுதான் தீனி. அகத்தி, வேம்பு என்றால் கொத்தாகக் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டால் போதும், எட்டி எட்டிக் கடிக்கும். கொடிக்கு அது சரிப்படாது. இழுத்ததும் இலை பொலபொலவென உதிரும். சத்தோ பெரும்பாலும் அந்த இலையில்தான் இருக்கிறது, தண்டில் குறைவு. அதனால் கொடியைச் சுவரோரம் ஒரு கம்பித் தட்டியில் வைத்து, உதிர்வதைப் பிடிக்கக் கீழே ஒரு தொட்டி வைக்கிறேன். தட்டியைவிட அந்தத் தொட்டிதான் முக்கியம் என்பேன்.

தட்டிக்கு, வெல்டிங் பட்டறையில் வெல்ட் மெஷ் என்கிற கம்பி வலையைச் சுவரோரம் சாய்த்து மாட்டுகிற மாதிரி அடித்து வாங்கினேன். வலைக்கண் 2 அங்குலம். 4 அங்குலக் கண் மலிவாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். கொம்பு முளைத்த குட்டி தலையை நுழைத்துவிடும், திரும்ப எடுக்கத் தெரியாமல் கத்தும். ஆள் இல்லாத நேரமென்றால் உயிரே போகும். தட்டியின் அடிப்பக்கம் ஆட்டின் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ரொம்ப மேலே வைத்தால் தூசி கண்ணில் விழுந்து கண் சிவக்கும்.

கீழே தொட்டிக்கு நீளவாக்கில் அறுத்த நீல பிளாஸ்டிக் பேரல். சிமெண்டுத் தொட்டி கட்டச் சொன்னார்கள். கவிழ்த்துக் கழுவ முடியாததை நான் ஏன் கட்டவேண்டும்? குட்டிகளுக்கு அதில் ஏறிப் படுக்க அவ்வளவு ஆசை. அதனால் பேரலின் நடுவே நீளமாக ஒரு குழாயை ஓட்டிவிட்டேன். தலை போகும், உடம்பு போகாது.

வளர்ந்த ஆட்டுக்கு 1 அடிக்குக் குறையாமல் இடம் வேண்டும். ஆனால் மொத்தத்தையும் ஒரே நீளத் தட்டியாகப் போட்டால் கிடா நடுவில் நின்று எல்லாவற்றையும் முட்டித் தள்ளும். எதிரெதிர்ச் சுவரில் இரண்டாகப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஒன்றை அது காவல் காக்கும்போது மற்றதில் சினையாடுகள் தின்றுவிடுகின்றன.