மனநல ஆலோசனைக்குக் காப்பீடு கிடைக்குமா?

தம்பிக்காகச் சென்னையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டை, அதாவது பேசிச் சிகிச்சை தரும் உளவியல் நிபுணரை, தேடிக்கொண்டிருக்கிறோம். பலகையில் 'கவுன்சிலர்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்கே கோபப்படுகிறவரிடம் போகவே வேண்டாம்.

அப்புறம் காப்பீடு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21, உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம். வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வருவது புறநோயாளி சிகிச்சை. அதற்குப் பாலிசியில் ஓபிடி கவர், அதாவது புறநோயாளிச் செலவுக்கான காப்பீடு, இருக்க வேண்டும். அதிலும் சைக்காலஜிஸ்ட் கட்டணம் சேருமா, சைக்கியாட்ரிஸ்ட் (மனநல மருத்துவர்) எழுதித்தந்த சீட்டு வேண்டுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது க்ளெய்ம் நேரத்தில் நிற்காது. ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் ஒருவரை இவ்வளவு அலையவிடுவது அநியாயம்.

பணம் இல்லையென்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

சென்னையில் ஓபிடி கவரில் சைக்காலஜிஸ்ட் கட்டணம் திரும்பக் கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.