நீ எந்தக் கப்பலில் வந்தாய்?

சில ஆண்டுகளுக்கு முன், மகளின் வகுப்புக் குழந்தைகளுக்குத் துணையாகச் சென்ற பெற்றோரில் ஒருத்தியாகத்தான் நான் பிளிமத் குடியேற்ற அருங்காட்சியகத்தை முதன்முதலில் பார்த்தேன். அமெரிக்காவின் பாஸ்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், 1620 இல் மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேயரின் குடியிருப்பைப் பலகைச் சுவரும் புல் வேய்ந்த கூரையுமாக அங்கே மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள், அடுப்புப் புகையின் நடுவே கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று என் மகள் கேட்டாள். பள்ளிக்கூடம் இல்லை, கற்பிக்கத் தகுந்த ஆள் இன்னும் கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்கு நாங்களே முடிந்த அளவு சொல்லிக்கொடுக்கிறோம் என்றார் அவர். பிறகு தலையை நிமிர்த்தி, "நீ எந்தக் கப்பலில் வந்தாய்?" என்று கேட்டார். மகள் விழித்து, "பேருந்தில்" என்றாள். "அப்படியொரு கப்பல் வந்ததாக நான் கேள்விப்படவில்லையே" என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் கோழியிடம் திரும்பினார்.

பழைய உடை அணிந்து வரலாற்றைக் கற்பிக்கும் இடங்கள் பல உண்டு. ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹாசேலியுஸ் 1891 இல் திறந்த ஸ்கான்சென் அவற்றுக்கெல்லாம் மூத்தது. பெரும்பாலான இடங்களில் உடை மட்டுமே பழையது. அதை அணிந்தவர் நம் காலத்து மனிதராகவே நின்று, "அவர்கள் இப்படிச் செய்தார்கள்" என்று படர்க்கையில் விளக்குவார். பிளிமத் கிராமத்திலோ, "நாங்கள் இப்படிச் செய்கிறோம்" என்று தன்மையில் பேசுகிறார்கள். நான் போன நாளில் கிராமத்தின் ஆண்டு 1627. அதற்குப் பின் நடந்த எதுவும் அங்கிருந்த எவருக்கும் தெரியாது. நம் கூத்தில் வேடம் கட்டுபவருக்கும் விடிய விடியப் பார்ப்பவருக்கும் கதையின் முடிவு தெரியும். அது தெரிந்திருப்பதே அதன் சுவை. இங்கே முடிவு தெரியாத ஒருவரைப் பார்க்கிறோம் என்பதுதான் குழந்தைகளைக் கட்டிப்போடுகிறது.

1627 ஐத் தேர்ந்ததில் ஒரு வசதி உண்டு. அந்த ஆண்டில் ஊருக்குப் பொதுவாக இருந்த மாடுகளைப் பங்கிட்டபோது, மக்களைக் குழுவுக்குப் பதின்மூன்று பேராகப் பன்னிரண்டு குழுக்களாகப் பிரித்து, கைக்குழந்தைகள் உட்பட எல்லோர் பெயரையும் எழுதி வைத்தார்கள். வேடமேற்பவர் தமக்கு விருப்பமான ஒரு பழைய மனிதரைக் கற்பனை செய்துகொள்வதில்லை. பெயரும் குடும்பமும் வந்த கப்பலும் தெரிந்த ஒருவராகவே நிற்கிறார். மேஃபிளவருக்குப் பின் 1621 இல் ஃபார்ச்சூன், 1623 இல் ஆன், லிட்டில் ஜேம்ஸ் என்று அடுத்தடுத்துக் கப்பல்கள் வந்ததால், எந்தக் கப்பல் என்று கேட்பது அவ்வூரில் இயல்பான விசாரிப்புதான். பள்ளிக்கூடம் பற்றிய பதிலும் கைச்சரக்கல்ல. குடியேற்றத்தில் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதில்லை என்று லண்டனில் எழுந்த புகாருக்கு, ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் 1624 இல் எழுதிய மறுமொழி ஏறக்குறைய அதே சொற்களில் இருப்பதை வீட்டுக்கு வந்தபின் படித்துத் தெரிந்துகொண்டேன். (இறகு பிடுங்கியபடியே ஆவணத்தை ஒப்பிக்கும் திறமை எனக்கு இல்லை.)

உடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பு உடை, வார்ப்பூட்டு வைத்த தொப்பி என்று, இந்தக் குடியேறிகளை நினைவூட்டும் அமெரிக்க விழாவான நன்றி அறிவித்தல் நாளின் வாழ்த்து அட்டைகளில் வரையப்படும் உருவம் பிற்காலக் கற்பனை. பிராட்ஃபோர்ட் இறந்தபின் எடுத்த உடைமைப் பட்டியலில் சிவப்பு உள்சட்டையும் ஊதா மேலங்கியும் இருக்கின்றன.

இனி, என் மனத்தில் இன்றுவரை தங்கியிருக்கும் பகுதிக்கு வருகிறேன். ஆங்கிலேயர் கிராமத்துக்குப் போகுமுன் எங்களை, அப்பகுதியின் பழங்குடியினரான வாம்பனோக் மக்களின் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். அங்கே மான்தோல் உடுத்திய ஒருவர், மரத்தடியின் நடுவே நெருப்பிட்டு, கரிந்ததைச் சுரண்டிச் சுரண்டிப் படகாகக் குடைந்துகொண்டிருந்தார். அவர் அந்தப் பழங்குடியைச் சேர்ந்தவர். வேடம் ஏற்கவில்லை, இன்றைய மனிதராகவே பேசினார். காலையில் கார் ஓட்டித்தான் வேலைக்கு வந்தேன் என்று சிரித்தார். ஆங்கிலேயர் குடியேறிய இடத்தில் முன்பு பட்டக்செட் என்ற ஊர் இருந்ததையும், 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அந்த ஊர் முழுவதுமாக அழிந்ததையும், 1614 இல் கடத்திச் செல்லப்பட்ட அவ்வூர்க்காரரான டிஸ்குவாண்டம் திரும்பி வந்தபோது வரவேற்க ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

அந்தக் கதையைச் சுமந்துகொண்டே வந்த என் மகள், கோழி உரித்த பெண்ணிடம், இங்கே முன்பு இருந்தவர்கள் நோயில் இறந்தது தெரியுமா என்று கேட்டுவிட்டாள். ஆண்டவன் எங்களுக்காக இந்த நிலத்தைக் காலியாக்கி வைத்திருந்தான் என்றார் அவர், கனிவான அதே குரலில். அது வரலாற்றுக்கு உண்மையான பதில். முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1620 இல் வழங்கிய நியூ இங்கிலாந்துச் சாசனமே அந்த நோயை ஆண்டவன் அனுப்பியது என்றுதான் குறிக்கிறது. தன்மையில் பேசும் வேடத்தின் வலிமையும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருப்பதை அப்போதுதான் கண்டேன். இத்தகைய எண்ணம் கொண்டவர் கொடியவராகத் தோன்றமாட்டார் என்பதைப் பாடநூல் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால், தாம் சொல்வது தவறு என்று அந்த வேடத்தால் ஒருநாளும் சொல்ல இயலாது. அதைச் சொல்ல, படகு குடைபவர் அருகிலேயே இருந்தாக வேண்டும். 2020 இல் அருங்காட்சியகத்தின் பெயரில் பட்டக்செட் சேர்க்கப்பட்டது. ஆனாலும் தங்கள் பகுதி போதிய கவனிப்பின்றிக் கிடக்கிறது என்று 2022 இல் வாம்பனோக் மக்களில் சிலர் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

துன்பப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் தன்மையில் பேசவே கூடாது என்பதும் இல்லை. வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற இதே வகை அருங்காட்சியகத்தில், 1994 அக்டோபர் 10 அன்று அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டினார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கப் பிரிவின் தலைவராக இருந்த கிறிஸ்டி கோல்மன் தாமே விற்கப்படும் பெண்ணாக நின்றார். வேதனையைக் கேளிக்கையாக்குவதாகக் கூறிப் போராட வந்தவர்களில் ஒருவர், பார்த்து முடித்தபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அந்த ஏலத்தை அங்கே வழக்கமான நிகழ்ச்சியாக ஆக்கவில்லை. அதுவும் சரியான முடிவுதான்; நாள்தோறும் இருவேளை விற்கப்படும் வேடத்தை யாரிடம் கொடுப்பது?

பயணம் முடிந்த வாரத்தில், கிராமத்தில் சந்தித்த ஒருவருக்குக் கடிதம் எழுதிவருமாறு வகுப்பில் சொன்னார்கள். மகள் கோழி உரித்த பெண்ணுக்கு எழுதினாள். பேருந்து என்பது கப்பல் அல்ல என்று நான்கு வரிகளில் விளக்கிவிட்டு, மாடு பங்கிட்டபோது உங்கள் ஊரில் எல்லோருடைய பெயரையும் எழுதி வைத்தீர்களாமே, பட்டக்செட்டில் இருந்தவர்களின் பெயர்களையும் யாராவது எழுதி வைத்தார்களா என்று கேட்டிருந்தாள்.