ரெண்டு வேளை களி

"களிய நிறுத்திருங்க சார், பச்சைத் தீனியும் பாதி போதும், மஸ்து சீக்கிரம் இறங்கிரும்"னு, மஸ்துல, அதாவது மதம் பிடிச்சு, சங்கிலியில நின்ன எங்க கொம்பன் யானைக்காக பாகன் அண்ணன் சொன்னப்ப, யானை டாக்டரான நான் சரின்னு தலையாட்டிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துது.

அவர் சொன்னது தப்பில்ல. மஸ்து நிக்கறதுக்கு உடம்புல சதை வேணும். நல்லா தேறின கொம்பனுக்கு மாசக்கணக்குல நிக்கும், வயசு கம்மின்னா சில நாள்லயே அடங்கிரும், மெலிஞ்சதுக்கு வராமலே போனாலும் போகும். கென்யாவுல அம்போசெலி யானைங்க பின்னாடியே பல வருஷம் அலைஞ்ச ஜாய்ஸ் பூல் எழுதினதும் கிட்டத்தட்ட இதான், உடம்பு விழுந்தா மஸ்தும் விழுந்துரும். காட்டுல அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. கன்னத்துல மதநீர் வடியும், மூத்திரம் சொட்டிக்கிட்டே இருக்கும், அந்த வாசத்துக்கு தன்னை விட பெரிய கொம்பனும் ஒதுங்கிப் போகும், பிடியும், அதாவது பொட்டை யானையும், நின்னு பாக்கும். பட்டினி கிடந்து அலைஞ்சு இளைக்கறதுக்கு ஈடா ஒரு குட்டியாவது பொறக்கலாம்.

ஆனா இவனுக்கு? அதே ஒழுக்கு, அதே இளைப்பு, சுத்தி ஒரு பிடி கிடையாது, நாலு காலும் சங்கிலி. மொத்த செலவும் பண்றான், வரவுன்னு ஒண்ணுமே இல்ல, அதுக்கு மேல தீனியிலயும் நாங்க கை வச்சோம்.

நான் கேக்காம இல்ல. "அண்ணே, அவனே சரியா திங்கறதில்ல, நாமளும் குறைக்கணுமா?"

"தீனி போட்டா சங்கிலியில நிக்கிற நாள்தான சார் கூடும்?"

இதுக்கு அன்னைக்கும் என்கிட்ட பதில் இல்ல, இன்னைக்கும் இல்ல. சங்கிலி உரசி கால்ல புண்ணு வந்தா மருந்து போடக்கூட யாரும் கிட்ட போக முடியாது, தண்ணி காட்டப்போற காவடிப் பையனுக்கு, பாகனுக்கு உதவியா இருக்கறவனுக்கு, வீட்ல சின்னக் குழந்தை, இதெல்லாம் நெனச்சுதான் ஒத்துக்கிட்டேன். டாக்டரா அது சரியான முடிவுன்னுதான் நெனக்கிறேன், ஆனா நெத்திக்குழி உள்வாங்கி முதுகெலும்பு தெரிய நின்னானே, அதைப் பாத்தப்ப அப்படித் தோணல. குறைக்காம விட்டிருந்தாலும் அதே நாள்ல இறங்கியிருக்குமோன்னும் ஒரு சந்தேகம். இறங்கின அன்னைக்கு முதல் உருண்டைய அண்ணன் கையாலதான் வாங்கினான், அவர் அழுதுட்டார். பட்டினி போடச் சொன்னவரும் அவர்தான், அவன் மேல என்னை விட அதிகமா பாசம் வச்சிருக்கறவரும் அவர்தான்.

நேத்து போன் பண்ணினார். கன்னம் மறுபடி லேசா வீங்கியிருக்காம், மஸ்து வர்றதுக்கு அறிகுறி. களி ரெண்டு வேளையும் போகட்டும்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன், அவரும் வேற எதுவும் கேக்கல.