நண்டுக்கு நோகுமா?

நேற்று முல்லைத்தீவின் நந்திக்கடல் கடலேரியில் பிடித்த நண்டு வாங்கி வந்தேன். கட்டு அவிழ்ந்த ஒன்று குசினி மூலைக்குள் ஒடுங்கி, இரண்டு கொடுக்கையும் உயர்த்தியபடி நின்றது. பிடிக்கக் குனிந்தபோது அண்ணாவின் மகள், “சித்தப்பா, அதுக்கு நோகுமெல்லோ?” என்றாள். நோகாது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

தொல்காப்பியம் நண்டை நாலறிவு உயிர்களோடு வைக்கிறது. ஆனால் அறிவை எண்ணுவது வேறு, வலியைக் கணக்கில் எடுப்பது வேறு. ஓர் உயிர் சிந்திக்குமா, பேசுமா என்பதல்ல, துன்பப்படுமா என்பதே கேள்வி என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயத் தத்துவஞானி ஜெரமி பெந்தம் எழுதினார். மின்னதிர்ச்சி கிடைத்த மறைவிடத்தை, இருட்டை விரும்பும் கரை நண்டுகள்கூடச் சில தடவைகளிலேயே தவிர்க்கப் பழகியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2022இல் பிரித்தானியா நண்டு, சிங்க இறால், கணவாய் ஆகியவற்றையும் உணர்வுள்ள உயிர்களாகச் சட்டத்தில் சேர்த்தது.

நாங்களோ பழக்கத்தால் தீர்மானிக்கிறோம். பசுவுக்குப் பெயர் வைக்கிறோம், நண்டுக்கு வைப்பதில்லை. கோயிலில் பிள்ளையாராக வணங்கும் யானை வயலுக்குள் இறங்கினால் வெடி கொளுத்துகிறோம் (பயிர் போன விவசாயியை நான் குறை சொல்லமாட்டேன்). 2009இல் இறுதிப் போரின்போது இதே நந்திக்கடல் கரையில், எவருடைய உயிர் கணக்கில் வரும் என்பதை வேறு எவரோ தீர்மானித்ததைக் கண்டவன் என்பதால், அவளுடைய கேள்வியைச் சின்னப்பிள்ளைக் கேள்வியென்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

நண்டுகளை ஐஸுக்குள் வைத்து, அவை அசைவற்றுப்போன பிறகே வெட்டினேன். அவள் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டாள்.