கேமரா எச்சரிக்கையை அணைத்துவிட்டு வண்டியை எடுங்கள்

ஜெர்மனிக்கு வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்லித் தருவார்கள். போனில் வரும் வேகக் கேமரா எச்சரிக்கையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய பிறகு ஆறு மாதம்தான் செல்லும். அதற்கு மேல் ஓட்ட எழுத்துத் தேர்வும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் பாஸாக வேண்டும். ஆக, இந்த ஊர் விதிகளைப் படிக்காமலே ஓட்டும் காலம் அந்த முதல் ஆறு மாதம்தான். மாட்டிக்கொள்வதும் அப்போதுதான்.

ராடாரைக் கண்டுபிடிக்கும் தனிக் கருவிக்கு இங்கே பழைய காலத்துத் தடை. போன் செயலியும் அதில் சேருமா என்ற வழக்கில், சேரும் என்று 2015இல் செல்லே நகர மேல்நீதிமன்றம் சொன்னது. 2020 ஏப்ரலில் சாலை விதிகளின் 23ஆம் பிரிவிலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். போன் வைத்திருக்கலாம், வழிகாட்டி போடலாம். பிளிட்சர், அதாவது வேகக் கேமரா, எங்கே நிற்கிறது என்று காட்டும் வசதியை மட்டும் ஓட்டும்போது பயன்படுத்தக் கூடாது. மீறினால் 75 யூரோ அபராதம், ஓட்டுநர்களின் விதிமீறல்களைக் குறித்துவைக்கும் ஃப்ளென்ஸ்பூர்க் பதிவேட்டில் ஒரு புள்ளி. எட்டுப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும்.

கோவையிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவரை ஷ்டுட்கார்ட்டிலிருந்து ஹைடல்பெர்க்குக்குக் கூட்டிப்போனேன். பக்கத்து சீட்டில், அவர் மடியில் இருந்த போன் திடீரென்று கூவியது. திரையில் சின்னதாய் ஒரு கேமரா படம்.

"அதை அணைச்சிடுங்க தம்பி."

"போன் என்னோடதுண்ணா. ஓட்டுறது நீங்கதானே?"

"ஓட்டுறவன் தலையிலதான் விடியும்."

மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. அதே ஹைடல்பெர்க்கில் 2022 ஜனவரியில் ஒருவர் வேகமாகப் போய்ப் போலீஸிடம் சிக்கினார். செயலி ஓடிக்கொண்டிருந்தது கூட வந்த பெண்ணின் போனில். ஆனாலும் ஓட்டியவருக்குத்தான் 100 யூரோ அபராதம். அவர் மேல்முறையீடு செய்தார். எச்சரிக்கையின் பலன் ஓட்டுநருக்குத்தானே போகிறது என்று கார்ல்ஸ்ருஹே மேல்நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் அபராதத்தை உறுதிசெய்தது.

ரேடியோவில் மட்டும் எந்தச் சாலையில் பிளிட்சர் என்று கூச்சமில்லாமல் அறிவிக்கிறார்கள், அதற்குத் தடை இல்லையே என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ரேடியோ பொதுவாகச் சொல்கிறது. கேட்டவர் அந்தச் சாலை முழுக்க நிதானமாகப் போகிறார். செயலியோ கேமராவுக்குச் சற்று முன்னால் கூவுகிறது, பிரேக்கை மிதிக்க வைக்கிறது, தாண்டியதும் மறக்க வைக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்புள்ள பகுதியில் கேமரா நிற்கும் அந்த ஒரு கம்பத்தடியில் மட்டும் மெதுவாகப் போய் என்ன பயன்? பிள்ளைகள் தெரு நெடுகத்தானே நடக்கிறார்கள்! இந்தத் தடை சரியென்றே நான் நினைக்கிறேன். நம் ஊரில் எதிரே வருபவருக்கு ஹெட்லைட் அடித்து "முன்னாடி செக்கிங்" என்று காட்டுவோமே, அதுவும் இங்கே கூடாது. கிளம்பும் முன் வீட்டிலேயே செயலியைத் திறந்து பார்த்துக்கொள்வதற்குத் தடை கிடையாது.

எல்லை தாண்டினால் கணக்கே வேறு. ஷ்ட்ராஸ்பூர்க் பக்கம் போனால் பிரான்ஸ் சட்டம். அங்கே கேமரா இருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டக் கூடாது, 'ஆபத்துப் பகுதி' என்று பொதுவாகக் காட்டலாம். நெடுஞ்சாலையில் 4 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே 2 கிலோமீட்டர், ஊருக்குள் 300 மீட்டர் நீளத்துக்கு அப்படிக் குறிக்கிறார்கள். தடை செய்யப்பட்ட கருவியோடு பிடிபட்டால் அபராதம் 1,500 யூரோ வரை போகும். சுவிஸ் இன்னும் கறார். கருவியைப் பறிமுதல் செய்து அழித்தே விடுவார்கள். 2013 முதல், கேமரா எங்கே இருக்கிறது என்று பொதுவெளியில் எச்சரிப்பதே அங்கே குற்றம். சூரிச்சில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கிருந்தபடி முகநூலில் "இந்த வழியில் கேமரா நிற்கிறது" என்று நல்லெண்ணத்தில்கூடப் பதிவு போட வேண்டாம்.